ஒரு பள்ளி ஆண்டுக்கு ஒரு பிள்ளை: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், இங்கே வீடு வாங்கிக் குடியமர்ந்துவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும்,

வணக்கம். நான் ஒஹாயோவில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கிர்கிஸ்தானிலிருந்து ஒரு பெண்ணும், அவள் போன பிறகு ஜெர்மனியிலிருந்து ஒரு பையனும் ஆளுக்கு ஒரு பள்ளி ஆண்டு தங்கிப் படித்தார்கள். உறவும் கிடையாது, முன்பின் பழக்கமும் கிடையாது. எக்ஸ்சேஞ்ச் மாணவர்களாக வந்தார்கள். அப்படி வரும் ஒரு பிள்ளைக்கு உங்கள் வீட்டிலும் ஒரு வருடம் இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம்மில் பலருக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரியாது. 15 வயது முதல் பதினெட்டரை வயது வரையுள்ள பிள்ளைகள் ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஏஎஃப்எஸ், ஒய்எஃப்யூ, ரோட்டரி போன்ற அமைப்புகள் இதைப் பல்லாண்டுகளாக நடத்தி வருகின்றன. அமெரிக்க அரசின் முழு உதவித்தொகையில் வருகிறவர்களும் உண்டு. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1992-ல் இயற்றிய சட்டத்தின் வழியே, அதில் இருந்த நாடுகளின் மாணவர்களுக்காக வந்தது ஃப்ளெக்ஸ் திட்டம். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், 2002-ல், முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்காக வந்தது யெஸ் திட்டம். அதில் இந்தியாவிலிருந்தும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். எங்கள் கிர்கிஸ் பெண் ஃப்ளெக்ஸில் வந்தவள். அதற்கு மூன்று சுற்றுத் தேர்வு.

இவ்வளவும் தாண்டி வந்தாலும், தங்குவதற்கு ஒரு வீடும் ஒரு பள்ளியும் உறுதியாகாமல் அந்தப் பிள்ளை தன் நாட்டை விட்டுக் கிளம்ப முடியாது. விதி அப்படி. வீடு கிடைக்க ஆகஸ்ட் 31 கடைசி நாள். அதனால் ஜூலை முழுக்க இந்த அமைப்புகளின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்கள் வீடு தேடி அலைகிறார்கள். சர்ச்சில் கேட்பார்கள், பள்ளியில் கேட்பார்கள், தெரிந்தவர்களிடம் கேட்பார்கள். நம்மிடம் கேட்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நாமும் போய்க் கேட்பதில்லை. அதே ஜூலையில் நம் சங்கங்களின் கோடைப் பிக்னிக்கில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே பூங்காவில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. பலருடைய வீட்டில் ஒரு படுக்கையறை சும்மாதான் கிடக்கிறது.

நான் பேசிப் பார்த்த குடும்பங்களில் அதிகம் கேட்ட பதில்: "அந்தப் பிள்ளைகள் அமெரிக்காவைப் பார்க்க வருகிறார்கள், நம் வீட்டில் இருந்து என்ன பார்ப்பார்கள்?" இதை நான் ஏற்கவே மாட்டேன். அவர்கள் போவது அமெரிக்கப் பள்ளி. சேர்வது அங்குள்ள கால்பந்து அணியிலும் பேண்டு இசைக்குழுவிலும். ஹோம்கமிங் என்னும் பள்ளி விழாவும் தாங்க்ஸ்கிவிங்கும் அவர்களுக்கு உண்டு. சாயங்காலம் திரும்பி வரும் வீட்டில் ரசம் கொதித்தால் அது அமெரிக்க வீடு இல்லையா? இருபது வருடமாக வரி கட்டி, பள்ளி போர்டு தேர்தலில் ஓட்டுப் போட்டு, பக்கத்து வீட்டு நடைபாதையிலும் பனி அள்ளிப் போடுகிறவர்கள் நாம். உதவித்தொகை கொடுத்து அழைத்து வரும் அரசே, பிள்ளையைத் தங்க வைக்கும் ஹோஸ்ட் குடும்பம் என்ன இனம், என்ன மதம் என்று நிபந்தனை வைக்கவில்லை. அந்த நிபந்தனையை நாமே நமக்குப் போட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் கிர்கிஸ் பெண் முதல் நாள் உள்ளே வரும்போதே ஷூவை வாசலில் கழற்றிவிட்டாள். அவர்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். அங்கே கடைசி மகன் பெற்றோருடனேயே இருப்பான், வீட்டில் பாட்டி இருப்பார். திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த என் மாமியாரைப் பார்த்து அவள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பாஷை தெரியாமலே இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். அவளுக்கு நம் வீடு பல விதத்தில் பழகிய வீடாக இருந்தது. ஜெர்மன் பையனுக்கு அப்படி இல்லை. ராத்திரி எட்டரைக்குச் சாப்பாடு என்பதே அவனுக்குப் புரிய நாளானது. அவர்கள் வீட்டில் ஆறு மணிக்கே ரொட்டியும் சீஸும் சாப்பிட்டு முடித்துவிடுவார்களாம்.

சரி, வேலை என்ன, செலவு என்ன? ஹோஸ்ட் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. வருமான வரிக் கணக்கில், வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து மாதம் 50 டாலர் வரை கழித்துக்கொள்ள வழி இருக்கிறது, அதுவும் வரிக் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டித் தாக்கல் செய்கிறவர்களுக்கு மட்டும். மருத்துவக் காப்பீட்டை அமைப்பு பார்த்துக்கொள்ளும், கைச்செலவுக்குப் பிள்ளையிடம் பணம் இருக்கும். நாம் கொடுப்பது சாப்பாடு, படுக்கை, கவனிப்பு. தனி அறைதான் வேண்டும் என்றில்லை. அதே பாலினத்தைச் சேர்ந்த ஒருவரோடு அறையைப் பகிரலாம். ஆனால் தனிக் கட்டில் வேண்டும். காற்றடைத்த மெத்தையோ சோஃபாக் கட்டிலோ கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. உண்மையான பாரம் வண்டிதான். பெரும்பாலான அமைப்புகள் மாணவர்களைக் கார் ஓட்ட விடுவதில்லை. பயிற்சி முடிந்து ஐந்தரைக்கு யார் போய் அழைத்து வருவது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள்.

அமைப்பிலிருந்து வீட்டைப் பார்க்க வருவார்கள், படம் எடுப்பார்கள், வெளியாட்கள் இருவரிடம் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள், வீட்டில் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும். "எங்களைச் சந்தேகப்படுகிறார்களா?" என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கோ ஒரு தாய் தன் பதினாறு வயது மகளைப் பெயர்கூட வாயில் நுழையாத ஒரு வீட்டுக்கு அனுப்புகிறாள். நம் பெண்ணை அனுப்பினால் இதைவிடப் பத்து மடங்கு விசாரிப்போம்.

பிள்ளை வந்த பிறகு நம் வீடுகளில் வரக்கூடிய சிக்கல்களையும் மறைக்க விரும்பவில்லை. விருந்தாளிக்குப் பார்த்துப் பார்த்துச் செய்யும் பழக்கத்தில், தட்டைக்கூடக் கழுவ விடாமல் அந்தப் பிள்ளையை உட்கார வைத்துவிடுவோம். இரண்டு வாரம் அது நன்றாக இருக்கும். அப்புறம் அவளுக்கு அந்த வீட்டில் தான் யார் என்றே தெரியாது. முதல் வாரத்திலேயே ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் அடுக்குவது அவள் பொறுப்பு. அதே நேரம், உங்கள் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவோ கணக்குச் சொல்லிக்கொடுக்கவோ வந்த ஆளாக அவளை நினைக்காதீர்கள். மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள். சாப்பாட்டு மேசையில் ஆங்கிலத்தில் பேசுங்கள், நாம் நம்மை அறியாமல் தமிழுக்குப் போய்விடுவோம். சைவ வீடு என்றால் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள், ஒத்துவரும் பிள்ளை கிடைக்கும். கோயிலுக்கு விரும்பினால் வரட்டும். ரமலான் நோன்பு பிடிக்கிற பிள்ளை என்றால் விடியலில் சாப்பாடு எடுத்து வையுங்கள், சர்ச்சுக்குப் போக வேண்டும் என்றால் கொண்டுபோய் விடுங்கள். வெளியே போய் வருவது, போன், நண்பர்கள் பற்றிய வீட்டு விதிகளை எழுதியே கொடுத்துவிடுவது நல்லது. அக்டோபர், நவம்பரில் பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கும்போது வீட்டு நினைப்பு வாட்டும். அறைக்குள்ளேயே இருப்பார்கள். அப்போது கூடவே கடைக்கோ நடக்கவோ அழைத்துப் போனாலே போதும்.

ஒத்துவரவில்லை என்றால்? 120 மைலுக்குள் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார், மாதம் ஒருமுறையாவது பிள்ளையிடமும் உங்களிடமும் பேசுவார். வேறு குடும்பத்துக்கு மாற்றுவது சாதாரணமாக நடப்பதுதான். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று அந்தப் பிள்ளையையும் வருத்தி உங்களையும் வருத்திக்கொள்ள வேண்டாம்.

1951-ல், இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், மிச்சிகன் குடும்பங்கள் ஜெர்மன் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டன. ஒய்எஃப்யூ தொடங்கியது அப்படித்தான். அவர்களுக்கு இருந்த தயக்கத்தில் கால்வாசிகூட நமக்கு இருக்கக் காரணமில்லை.

சங்கப் பொறுப்பாளர்களே, உங்களிடம் நான் கேட்பது பத்து நிமிடம். சித்திரை விழாவிலோ கோடைப் பிக்னிக்கிலோ உங்கள் பகுதி ஒருங்கிணைப்பாளர் ஒருவரை மேடைக்கு அழையுங்கள், ஒரு மேசையும் கொடுங்கள். முடிந்தால் சித்திரை விழாவிலேயே செய்துவிடுங்கள். சில பள்ளிகள் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பதால், தாமதித்தால் வீடு கிடைத்தும் பள்ளியில் இடம் இல்லாமல் போகலாம். குடும்பங்கள் சங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி கவுன்சிலரைக் கூப்பிட்டு, அங்கே எந்த அமைப்பு மாணவர்களைச் சேர்க்கிறது என்று கேளுங்கள். ஒருங்கிணைப்பாளரின் எண் அவரிடம் இருக்கும்.

அன்புடன்,
ஒஹாயோவிலிருந்து ஒரு ஹோஸ்ட் அம்மா