கிணற்றின் பத்தாம் வருடத் தண்ணீருக்குக் குழாய் போடுங்கள்

இலங்கைப் பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபையினருக்கு,

வணக்கம். திருகோணமலை சீனக்குடாவிலிருந்து எழுதுகிறேன். வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்க் குதங்கள் எங்கள் ஊர்க் காட்டுக்குள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் துரு வெளியே நின்றாலே தெரியும். சுரண்டிப் பெயின்ற் அடிக்கலாம். குழாய்க்கு உள்ளே நடக்கும் அரிப்பு அப்படியில்லை. ஓமானில் எரிவாயு வயல்களில் 19 வருடம் குழாய் வேலை பார்த்தவன் என்பதால் அதைப் பற்றித்தான் இந்த மடல்.

2011இல் மன்னார்க் கடலில் டொராடோ, பரகூடா என்ற இரு இடங்களில் வாயு கண்டார்கள். அது என்றைக்கு மேலே வந்தாலும் கூடவே தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீர் ஓடும் குழாயும் பம்பும் தாங்கியும் எந்த உலோகம் என்பதை டெண்டரின் கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடுவது எங்கும் உள்ள பழக்கம்.

புதுக் கிணற்றின் தண்ணீர் பெரும்பாலும் வாயுவோடு ஆவியாக வந்து, குளிர்ந்து ஒடுங்கியது. உப்பு அநேகமாக இருக்காது. “மழைத்தண்ணீர்தானே, சாதாரண இரும்பு போதும்” என்று எங்கள் மேலாளர் ஒருவரே சொன்னார். ஆனால் வாயுவில் உள்ள காபனீரொட்சைட்டு அதில் கரைந்தால் சோடாபோலப் புளித்துவிடும். நிலத்தடி உப்புநீரில் அந்த அமிலத்தைத் தணிக்கப் பைகாபனேற்று இருக்கும். இதில் அதுவும் இல்லை. நான் வேலை பார்த்த அந்த ஓமான் நிலையத்தில் இரும்புக் குழாயின் அடிப்பக்கம் வாய்க்கால் வெட்டியதுபோல் அரித்துப் போயிருந்தது.

சரி, ஸ்டெயின்லெஸ் போட்டால் தீர்ந்தது என்று 304 ரகத்துக்கு மாற்றினார்கள். கிணறு வயதாக ஆக, பாறைக்குள் இருந்த உப்புநீர் வரத் தொடங்கியது. உப்பில் உள்ள குளோரைட்டு ஸ்டெயின்லெஸின் மெல்லிய காப்புப்படலத்தை ஓரிடத்தில் துளைத்தால், மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்க, அந்த ஒரு புள்ளி மட்டும் ஆழமாகப் போகும். வெல்டிங்குக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவு ஓட்டை. கீழே நின்றவனின் தலையில் சொட்டியபோதுதான் கண்டோம். நின்றவன் நான்தான்.

எதைப் போட்டிருக்க வேண்டும்? ஸ்டெயின்லெஸ் ரகங்களில் எது இந்தப் புள்ளி அரிப்பைத் தாங்கும் என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு; எண் கூடினால் தாங்கும் சக்தியும் கூடும். குரோமிய வீதத்தோடு, மொலிப்டின வீதத்தின் 3.3 மடங்கையும் நைதரசன் வீதத்தின் 16 மடங்கையும் கூட்டுவோம். 304ஐவிட ஒருபடி மேலான 316 ரகத்துக்கு 24, 25 வரும். அதற்கும் மேலான டியூப்ளெக்ஸ் 2205 ரகத்துக்கு 35 அளவில், சூப்பர் டியூப்ளெக்ஸுக்கு 40க்கு மேல். கடல்நீருக்கே 40 தேடுவார்கள். பாறையின் நீர் சில வயல்களில் கடலைவிட உப்பாக இருக்கும். 316இல் இன்னொரு ஆபத்து: குளோரைட்டும் ஒட்சிசனும் சேர்ந்திருக்கும்போது சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது வெடிப்பு விடக்கூடும். ஐதரசன் சல்பைட்டு இருந்தால், அதைத் தாங்கும் உலோகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 15156ஐப் பார்க்காமல் உலோகம் எடுக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் விலை கூடிய உலோகம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அழுத்தம் குறைந்த இடங்களில் கண்ணாடியிழை எபொக்சிக் குழாய் துருவே பிடிக்காது. அடிபட்டால் தாங்காது, மூட்டுப் போடக் கைப்பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். தாங்கிக்குள் காற்றுப் புகாமல் நைதரசன் நிரப்பினாலே பாதித் தொல்லை குறையும். இரும்பையும் ஸ்டெயின்லெஸையும் நேரே மூட்டாதீர்கள்: இரும்புதான் கரையும். மற்ற உலோகத்துக்குப் பதிலாகக் கரையட்டும் என்று படகின் அடியில் நாகக் (துத்தநாகக்) கட்டி வைக்கும் எங்கள் மீனவர்களுக்கு இந்தச் சங்கதி நன்றாகத் தெரியும்.

நான் கேட்பது ஒன்று. வயல் அபிவிருத்தித் திட்டத்துக்கு அனுமதி தரும் முன், முதல் வருடத் தண்ணீரின் பகுப்பாய்வோடு, உப்புநீர் வரத் தொடங்கிய பிறகு அது எப்படி இருக்கும் என்ற மதிப்பீட்டையும் கம்பனியிடம் வாங்குங்கள். குளோரைட்டு, பிஎச், சூடு, காபனீரொட்சைட்டு எல்லாம் எண்ணாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் எந்த உலோகம், ஏன் என்று அந்த எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பத்திரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டால், மன்னாரில் வலை போடுகிறவர்களும் வாசித்துக் கேள்வி கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழாய்ப் பொருத்துநர் ஒருவர்,
சீனக்குடா, திருகோணமலை