வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள், அப்பா

ரெடிங், இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் நலந்தானே? குளிர் குறைந்துவிட்டது, ஸ்வெட்டர் ஒன்றே போதுமாக இருக்கிறது.

தோட்டத்து வீட்டுச் சாளையில் கிடக்கும் மாட்டுவண்டியைப் பழைய சாமான்காரர் கேட்கிறார் என்று போனில் சொன்னீர்கள். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் நடத்தும் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குப் போனேன். டிக்கெட் கிடையாது. டிராக்டர் வந்து உழவுக் குதிரைகள் வயலை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1951-இல் தொடங்கியிருக்கிறார்கள்.

வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள், அப்பா. எல்லாம் குதிரை இழுத்தவை, நான்கு சக்கரம். முன்சக்கரம் சிறிசு, வளைவில் திரும்பும்போது அடிப்பலகைக்குக் கீழே போவதற்காக. ஜில்லாவுக்கு ஒரு வடிவம், ஒரு வர்ணம். ஆக்ஸ்போர்டு பக்கத்து வண்டிக்கு மஞ்சள் உடம்பு, சிவப்புச் சக்கரம்.

ஒரு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தேன். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் மர வட்டை, மேலே இரும்புப் பட்டா. எல்லாம் நம் ஆசாரி செய்கிற மாதிரியேதான். பட்டா மாட்டுகிற போட்டோ ஒன்றும் பார்த்தேன். பழுக்கக் காய்ச்சிய வளையத்தை மூன்று பேர் குறட்டால் பிடித்திருக்க, ஒருவர் பூவாளியோடு தயாராக நிற்கிறார். எனக்கு நம் ஆசாரி பட்டறை வாசல் கண்முன் வந்துவிட்டது. வரட்டி அடுக்கி நெருப்பு மூட்டியதும், தண்ணீர் ஊற்றியவுடன் குப்பென்று கிளம்பிய ஆவியும், பட்டா சுருங்கி வட்டை நெரிபடும் சத்தமும். உங்கள் அப்பா, என் அப்பாரு, என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். 1861-இல் காப்புரிமை வாங்கிய எலிப்பொறி ஒன்று அங்கே இருக்கிறது. இரையே வைக்காமல் 2016-இல் அதில் ஒரு எலி மாட்டிக்கொண்டதாம்! அந்தக் காலத்துக் கைவேலை.

விவசாயப் பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்களும் எக்கச்சக்கமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அப்பாரு வண்டியில் உட்கார்ந்த படம் ஒன்றுகூட இல்லை. கல்யாண போட்டோவில் ஓரமாக நிற்பதுதான் உண்டு. அதை நினைத்தபோது அங்கேயே தொண்டை அடைத்தது.

அதனால் கேட்கிறேன், வண்டியைக் கொடுக்க வேண்டாம். சாமான்காரர் தருகிற பணத்தை நானே அனுப்புகிறேன். மழை படாத பக்கம் தள்ளி, சக்கரத்துக்கு அடியில் செங்கல் வையுங்கள், கரையான் ஏறாது. தம்பியை விட்டு நான்கு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். வண்டி செய்த ஆசாரி யார், மரம் எங்கே வாங்கியது, முதலில் பூட்டிய மாடுகளுக்கு என்ன பேர், எல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும்.

சக்கரம் கழலாமல் பிடிக்கிற கடையாணி இரண்டும் அட்டாலிப் பரணில் சாக்குக்குள் இருக்கும். எண்ணெய் தடவி வையுங்கள்.

உங்கள் அன்பு மகன்