சனிக்கிழமை ஆடாதவர்களுக்கும் ஊர் திரும்பச் செலவு உண்டு

கீழ்மட்டத் தொழில்முறை கோல்ஃப் தொடர்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

நீங்கள் நடத்தும் போட்டிகளில் வாராவாரம் ஆடுகிறவர்களில் நானும் ஒருவன். ஸ்கோர் பலகையில் என் பெயரைத் தேட வேண்டுமென்றால் நடுவில் தேடுங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் யார் தொடர்வது, யார் வெளியேறுவது என்று பிரிக்கும் கட் கோட்டுக்கு ஒரு வரி மேலேயோ கீழேயோ இருக்கும். கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். இரண்டாவது சுற்றோடு வெளியேறுகிறவர்களுக்கும் பரிசுப் பணத்திலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள்.

இரண்டு சுற்று, அதாவது 36 குழிகள் முடிந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவதில் எனக்கு வழக்கில்லை. ஆட்டம் என்றால் அப்படித்தான். ஆனால் நுழைவுக் கட்டணம், பயணம், அறை வாடகை, பை தூக்கும் உதவியாளரை (கேடி) வைத்துக்கொண்டால் அவருக்கான கூலி எல்லாம் கட் தாண்டியவருக்கும் தாண்டாதவருக்கும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் கையில் ஏதாவது தேறும், இன்னொருவருக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. இருவருக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் பந்தை அடித்த எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று.

திரும்பிப் போகும் டிக்கெட்டை எந்த நாளுக்கு எடுப்பது? இந்தக் கேள்வி உங்கள் கூட்டங்களில் எழுந்திருக்காது. எங்களுக்கு அது ஒவ்வொரு வாரமும் எழும். ஞாயிறு இரவுக்கு எடுத்து, கட் தாண்டாவிட்டால் டிக்கெட் தேதியை மாற்றப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நாள் அறையில் சும்மா கிடக்க வேண்டும். வெள்ளி இரவுக்கு எடுத்தால் மலிவு, ஆனால் கட் தாண்டினால் அந்த டிக்கெட் வீண். தவிர, தோற்றுப்போகத் திட்டமிட்டு டிக்கெட் எடுத்த மனசோடு ஆட்டம் தொடங்கும் முதல் டீ மேடையில் நிற்பது எப்படி இருக்கும் என்று ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பையில் 14 கிளப்புக்கு (கோல்ஃப் மட்டைக்கு) மேல் கூடாது என்பது விதி. விமான நிலையத் தராசுக்கோ அந்த 14-ம் அதிகம். டிரைவர் என்ற நீள மட்டையின் தலையைத் துண்டில் சுற்றி, காலணிகளைக் கைப்பைக்கு மாற்றி, கவுன்டரில் நின்று பேரம் பேசுவதும் இந்தத் தொழிலில் ஒரு பகுதி.

காலையில் இரண்டாவது சுற்றை முடித்தவனின் பிற்பகலையும் கொஞ்சம் பாருங்கள். மைதானத்துக்கு விதித்த அடிகளின் எண்ணிக்கையான பாரைவிட மொத்தம் ஒன்று அதிகம் (ஒன்று ஓவர்), கட் கோடு சரியாகப் பாரில் நிற்கிறது. மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் மற்றவர்களின் ஸ்கோர் கெட்டு, கோடு நமக்குச் சாதகமாக நகரும். அதனால் இன்னும் மைதானத்தில் இருக்கும் நண்பனுக்கும் சேர்த்துக் காற்று அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். அவனோ நம்மோடு அறையைப் பங்குபோட்டிருப்பவன். அவன் ஒரு குழியில் பாரைவிட ஒரு அடி கூடுதலாக எடுத்தால் (போகி) நமக்கு நல்லது. ஸ்கோர் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தபடி, பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், அதைப் பாதி திறந்தபடியே கட்டில்மேல் போட்டு வைத்திருப்போம்.

மேல்மட்டத்தில் இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் முதன்மைத் தொடரான பிஜிஏ டூர் ஒரு வருமான உறுதித் திட்டத்தை அறிவித்தது. முழுத் தகுதி பெற்ற உறுப்பினர் 15 போட்டிகளில் ஆடினால் ஆண்டுக்குக் குறைந்தது 5 லட்சம் டாலர் உறுதி. அதற்குக் கீழே உள்ள உறுப்பினர்களுக்கு, கட் தவறும் ஒவ்வொரு முறையும் 5,000 டாலர். ஐரோப்பாவின் முதன்மைத் தொடரான டிபி வேர்ல்டு டூரும் பின்னாலேயே தன் வீரர்களுக்கு 1,50,000 டாலரை உறுதி செய்தது. பசி குறைவான இடத்தில்தான் பந்தி முதலில் விரிந்தது. அவர்கள் பெற்றதில் எனக்குப் பொறாமை இல்லை (கொஞ்சம் உண்டு).

‘தொழில்முறை என்றால் ஜெயித்தவனுக்குத்தான் காசு’ என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. சரி, கணக்கையே எடுத்துக்கொள்வோம். பிஜிஏ டூரின் வழக்கமான பங்கீட்டில் வெற்றியாளருக்கு மொத்தப் பரிசில் 18 சதவீதம். முதல் ஐந்து இடங்களுக்கு மட்டும் ஏறக்குறைய 45 சதவீதம். 65-ஆம் இடத்துக்கு 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். இந்த அளவிலான பங்கீட்டில் முதல் ஐவரின் பங்கில் பத்தில் ஒன்றைக் குறைத்து, கட் தவறிய அறுபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 0.075 சதவீதம் வரும். அதாவது, கட் தாண்டிக் கடைசியாக வந்தவருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதை வைத்து விமான டிக்கெட் எடுத்துவிட முடியாதுதான். அறை வாடகைக்கு உதவும். ஜெயித்தவர் அப்போதும் ஜெயித்தவராகவே இருப்பார். 18 சதவீதம் 16.2 ஆகும், அவ்வளவுதான்.

பரிசுப் பணமே வீரர்களின் நுழைவுக் கட்டணத்திலிருந்து திரளும் சிறு தொடர்களில் இது கடினம் என்பது தெரியும். அவர்களிடம் இதைக் கேட்கவில்லை. விளம்பரதாரர் பணம் வரும் தொடர்களிடம் கேட்கிறேன்.

திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம் என்பதற்கு எங்களுக்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணங்கள் இரண்டு. 2010-இல் அர்ஜுன் அட்வால், போட்டி வாரத்தின் திங்களன்று மீதமுள்ள சில இடங்களுக்காக நடக்கும் தகுதிச்சுற்று வழியாக நுழைந்து விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்றார். 2019-இல் கோரி கானர்ஸ் அதே வழியில் டெக்சாஸ் ஓபனை வென்றார். இரண்டுமே எனக்கும் பிடித்த கதைகள். ஆனால் இடையில் ஒன்பது ஆண்டுகள். அந்த இடைவெளியில் அந்தச் சுற்று வழியாக வந்த வேறு யாரும் பிஜிஏ டூரில் ஜெயிக்கவில்லை. 18 குழிகள், பெரும்பாலும் நான்கு இடங்களுக்கு மேல் இல்லை. மற்றவர்கள் திங்கள் மாலையே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதை நம்பி ஒரு ஆண்டுச் செலவைத் திட்டமிட முடியாது.

செலவில்லாத ஒன்றும் உண்டு: அட்டவணையைச் சீக்கிரம் வெளியிடுங்கள், பக்கத்துப் பக்கத்து ஊர்ப் போட்டிகளை அடுத்தடுத்த வாரங்களில் வையுங்கள். ஒரே காரில் மூன்று பேர் போய்க்கொள்வோம்.

அடுத்த சீசனுக்கான பரிசுப் பங்கீட்டை முடிவு செய்யும் முன் இந்தக் கணக்கை உங்கள் மேசையில் வையுங்கள். வீரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினாலும் சரி. நான் முதல் ஐந்து இடத்துக்குள் வரும் வாரத்தில் நடத்தினாலும் என் வாக்கு இதற்குத்தான்.

இப்படிக்கு,
உங்கள் தொடரில் ஆடும் ஒருவன்