லைலாக் பூத்திருந்த எடத்துல டெண்ட் போட்டோம்

மாப்ள,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலேன்னு கோவிச்சுக்காத. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்ப வாக்கர் இல்லாம வாசல் வரைக்கும் நடக்கறாங்கன்னு படிச்சதும் அப்படி ஒரு சந்தோஷம்டா, வீட்டுல எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காமிச்சேன். இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ ஒன்பதாவது போகப்போறா, என் தோளுக்கு மேல வளந்துட்டா.

நீ கேட்டிருந்தியே, வீட்டுல மெத்தைய வச்சுக்கிட்டு காசு குடுத்து தரையில போய் படுக்கறதுல என்னடா இருக்குன்னு. மே கடைசியில வர்ற மெமோரியல் டே லீவுக்கு மூணு ராத்திரி போய்ட்டு வந்தோம், அதச் சொல்லித்தான் உனக்கு பதில் சொல்ல முடியும்.

நீ இங்க விஸ்கான்சின் மாநிலத்துல மேடிசன் ஊர்ல இருந்தப்ப நாம டெவில்ஸ் லேக் பார்க் தாண்டி எங்கயுமே போகல இல்ல? மேடிசன்ல இருந்து மேற்க கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் ஓட்டினா நாடே வேற மாதிரி ஆயிடுது. ட்ரிஃப்ட்லெஸ்னு பேரு. பனியுகத்துல சுத்தி இருக்கற எடத்தையெல்லாம் பனிப்பாறை தேச்சு மட்டமாக்கிட்டுப் போச்சு, இந்த மூலைய மட்டும் தொடல. பனி இழுத்துட்டு வந்து கொட்டற கல்லும் களிமண்ணும் இங்க கெடையாது, அதுக்குத்தான் ட்ரிஃப்ட்னு பேரு, அது இல்லாததால ட்ரிஃப்ட்லெஸ். விஸ்கான்சின்ல மத்த எடமெல்லாம் ஏரிகளா நெறஞ்சு கெடக்கு, இங்க இயற்கையா ஏரின்னு ஒண்ணப் பாக்கறதே அபூர்வம், செங்குத்தா மலைமுகடு, அதுக்கு நடுவுல சந்து மாதிரி பள்ளத்தாக்கு, ஒவ்வொண்ணுலயும் ஜில்லுனு ஒரு ஓடை, அதுல ட்ரௌட் மீன்.

நாங்க போனது கிக்கப்பூ ஆத்துக்கு. இங்கயும் அங்கயுமா போறவன்னு அந்தப் பேருக்கு அர்த்தம் சொல்றாங்க, பொருத்தம்தான், அவ்ளோ வளைவு. ஒன்டாரியோங்கற சின்ன ஊர்ல கேனூ வாடகைக்கு எடுத்து எறங்கினோம், நாள் பூரா துடுப்புப் போட்டாலும் மேப்புல பாத்தா கொஞ்ச தூரம்தான் வந்திருக்கோம். ரெண்டு பக்கமும் மணற்பாறைச் சுவரு, சில எடத்துல தலைக்கு மேல சாஞ்சு நிக்குது. ஒரு எடத்துல கேனூவ ஒட்டி நிறுத்திட்டு பாறையத் தொட்டுப் பாத்தேன்டா. பாறையில இருந்து தண்ணி சொட்டு சொட்டா கசியுது, பாசியும் பெரணியும் அப்பிக் கெடக்கு, விரலால தேச்சா மணல் மணலா உதிருது, அம்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலோரம் கெடந்த மணலு. பாறை நெழலுக்குள்ள போனா குளுமை தனியாத் தெரியுது, அதனாலதான் வடக்க குளிர்ல வளர்ற ஹெம்லாக் மரமெல்லாம் இங்க அந்தச் சுவர்மேல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

முதல் நாள் டெண்ட் போட்டதுல ஒரு தப்பு பண்ணிட்டேன். ஆத்தோரம் எடம் சமமா இருந்துச்சு, மண்ணு மெத்துனு இருந்துச்சு, டெண்ட் முளைய அடிச்சா வெண்ணெய் மாதிரி எறங்குது, அட நல்ல எடமாச்சேன்னு அங்கயே போட்டுட்டேன். சாயங்காலம் தூண்டில் போட்டுட்டு வந்த ஒரு பெரியவரு நின்னு பாத்துட்டு, மேல மழை பேஞ்சா இங்க பேயாமலே தண்ணி ஏறும், மேட்டுக்கு மாத்திக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. மானம் வெளிவாங்கிதான் இருந்துச்சு, ஆனா அவரு சொன்ன தோரணையப் பாத்து மாத்திட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு தூரத்துல இடி. காலைல போய்ப் பாத்தா நான் முளை அடிச்ச குழியெல்லாம் காப்பி கலர்ல தண்ணிக்கு அடியில இருக்கு. மெத்துனு இருந்த மண்ணு முன்ன வந்த வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல்டா, அது எனக்குத் தோணவே இல்ல. ரெண்டு புள்ளைங்க உள்ள தூங்கியிருப்பாங்க. 2018 ஆகஸ்ட்ல இந்த ஆத்துல பெரிய வெள்ளம் வந்து ஒன்டாரியோ மாதிரி ஊரெல்லாம் மூழ்குச்சுன்னு செய்தியில படிச்சவன்தான் நானு. பள்ளத்தாக்கு குறுகல், தண்ணி பரவறதுக்கு எடமே கெடையாது, மேலதான் ஏறும்.

இப்ப நெஜமா சொல்ல வந்தத சொல்றேன். மேட்டுல புதுசா டெண்ட் போட்ட எடத்துல ரெண்டு பெரிய லைலாக் செடி, முழுசா பூத்து அப்படி ஒரு வாசனை, ராத்திரி டெண்டுக்குள்ளயே வந்துச்சு. காட்டுல லைலாக் தானா மொளைக்காது, யாராவது வச்சாத்தான். காலைல புல்ல வெலக்கிப் பாத்தா கான்க்ரீட் படி மூணு. வீடு இல்ல, படி மட்டும் இருக்கு, ஏறினா வெத்து எடம்.

நடந்தது இதுதான். 1935 வெள்ளத்துக்கு அப்புறம் அணை வேணும்னு ஆத்தோர ஊர்க்காரங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 1962ல லா ஃபார்ஜ்ங்கற ஊர் கிட்ட இந்த ஆத்துல அணை கட்ட அமெரிக்க காங்கிரஸ் அனுமதி குடுத்துச்சு. சுமார் 8,600 ஏக்கர், 140க்கும் மேல குடும்பங்க நெலத்த வித்துட்டுப் போனாங்க, மனசில்லாம போனவங்கதான் அதிகம். வீட்டையெல்லாம் இடிச்சாச்சு. அணை கட்ட ஆரம்பிச்சு பாதி கூட முடியல, தேங்கற தண்ணி கெட்டுப்போகும், பாறையில இருக்கற அரிய செடியெல்லாம் முழுகிடும், செலவும் ஏறிப்போச்சுன்னு 1975ல நிறுத்திட்டாங்க. அணைக்குன்னு கட்டின, நூறு அடிக்கு மேல ஒசரமான ஒரு கான்க்ரீட் டவரு இன்னிக்கும் தனியா நிக்குது, தண்ணியே இல்லாத எடத்துல. அங்க போய் நின்னப்ப சின்னவன் "இது எதுக்குப்பா"ன்னு கேட்டான், சட்டுனு பதில் சொல்ல முடியல. 1990கள்லதான் நெலத்த மாநிலத்துக்கும், ஆதியில இருந்தே இந்த மண்ணுல இருந்த ஹோ சங்க் மக்களுக்கு 1,200 ஏக்கருமா திருப்பிக் குடுக்க சட்டம் வந்துச்சு, ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கறாங்க. அதுதான் கிக்கப்பூ வேலி ரிசர்வ். பழைய ஹைவே 131 இப்ப நடக்கற பாதை, நடுவுல புல்லு மொளைச்சிருக்கு.

அந்தப் படியில உக்காந்து காப்பி குடிச்சப்ப உங்க அம்மிச்சி ஞாபகம் வந்துருச்சுடா. பவானிசாகர் அணை கட்டறப்ப ஊர விட்டு வந்ததச் சொல்லுவாங்களே, பத்து பன்னெண்டு வயசுல மாட்டு வண்டியில சாமான் ஏத்திட்டு வந்தோம்னு. அங்கயாவது தண்ணி வந்துச்சு, அந்தத் தண்ணியில ஈரோடு பூரா வெளையுது, ஊரு போனதுக்கு ஒரு கணக்காவது சொல்லலாம். இங்க வீடும் போச்சு, அணையும் வரல. ஆனா அது நின்னதாலதான் நான் தொட்ட பாறை தண்ணிக்கு மேல இருக்கு, என் புள்ளைங்க கேனூ விட்டாங்க. எனக்கு அதுல முழுசா சந்தோஷப்படவும் முடியல, வருத்தப்பட்டு முடிக்கவும் முடியல. ஹோட்டல்ல ரூம் போட்டிருந்தா அந்தப் படிய நான் பாத்திருக்கவே மாட்டேன், நீ கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான்.

செப்டம்பர் கடைசியில நீ வர்றதா இருந்தா டிக்கெட் போட்டதும் சொல்லு, அதே மேட்டுல எடம் பாத்து வைக்கிறேன். ராத்திரி குளிரும், அதனால ஸ்வெட்டர் மட்டும் எடுத்துட்டு வா, ஸ்லீப்பிங் பேக் எங்கிட்ட இருக்கு. வெறகு அந்தந்த ஊர்லயே வாங்கணும், பத்து மைலுக்கு அப்பால இருந்து சான்றிதழ் இல்லாத வெறக ஸ்டேட் பார்க்குக்கெல்லாம் கொண்டு போகக்கூடாது, ஆஷ் மரத்தக் கொல்ற பூச்சி அதுல ஒளிஞ்சு வந்துரும். உண்ணி இருக்கும், பேன்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்கணும், ராத்திரி காலு, கழுத்தெல்லாம் டார்ச் அடிச்சுப் பாக்கணும், இதுல மட்டும் சோம்பேறித்தனம் பண்ண விடமாட்டேன்.

அம்மிச்சிக்கு இப்பவும் பேச்சு தெளிவா இருக்குன்னு எழுதியிருந்த இல்ல, அவங்க கிட்ட ஒண்ணு கேட்டு எழுது. அந்தப் பழைய வீட்டு வாசல்ல என்ன செடி இருந்துச்சாம்?

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்