தூங்குமூஞ்சி கல்யாணத்துக்கு டின்னர் செட் வேணாம்டி

ஏட்டி வாத்து,

உங்க திருநெல்வேலி பாஷைலயே ஆரம்பிச்சிட்டேன், மதுரைக்காரிக்கு இது தேவையானு சிரிக்காத. உன் வாய்ஸ் மெசேஜ் மூணையும் கேட்டேன், மூணாவதுல உன் குக்கர் விசில்ல பாதி புரியல. ஆனா முக்கியமானது புரிஞ்சுது, நம்ம தூங்குமூஞ்சிக்கு தை மாசம் கல்யாணம், நாம ரெண்டு பேரும் காசு போட்டு ஒரு டின்னர் செட் வாங்கிடலாம்ங்கிற. வேணாம்டி. போன்ல சொன்னா நீ என்னைய பேச விடமாட்ட, அதான் உக்காந்து எழுதுறேன்.

எனக்கு கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம் ஆச்சுல்ல, மேடவாக்கம் வீட்டுக்கு குடி வந்தப்ப ஒரு குட்டியானை வண்டி நிறைய சாமான் வந்துச்சு, அதுல நாங்க காசு குடுத்து வாங்குனது ஒரு மெத்தை மட்டும்தான். மத்தது எல்லாம் பரிசும் சீரும். சுவர் கடிகாரம் மட்டும் ஆறு. ஹவுஸ் ஓனர் முதல் நாளே சொல்லிட்டாரு, புதுசா ஆணி அடிச்சா அட்வான்ஸ்ல பிடிப்பேன்னு. ஏற்கனவே இருந்த ஆணி ரெண்டு, ஒண்ணுல காலண்டர், ஒண்ணுல கடிகாரம், மீதி அஞ்சும் டப்பாவோட லாஃப்ட்ல கெடக்கு. ஒண்ணுல மட்டும் யாரோ பேட்டரிய போட்டே பேக் பண்ணிருக்காங்க, ராத்திரி படுத்தா மேல இருந்து டிக் டிக்னு சத்தம், இவரு பல்லினு நெனச்சு ஒரு வாரம் டார்ச் அடிச்சு தேடுனாரு.

ஹாட்பாக்ஸ் செட் நாலு, லெமன் செட் எத்தனைனு எண்றதையே விட்டுட்டேன், மிக்ஸி ரெண்டு. மிக்ஸி கதைய கேளு. முதல் மிக்ஸி ஓடிட்டிருக்கட்டும், இது ரிப்பேர் ஆனா அத எடுத்துக்கலாம்னு ரெண்டாவத பிரிக்கவே இல்ல. பதிமூணு மாசம் கழிச்சு முதல்ல இருந்தது மோட்டார் புகைஞ்சு போச்சு. வாரண்டி ரெண்டு வருஷம்னு அட்டையில போட்டிருக்கு, கடைக்கு தூக்கிட்டு போனா பில் எங்கனு கேக்குறான். பில் யாருகிட்ட இருக்கும், குடுத்தவங்ககிட்ட. குடுத்தவங்ககிட்ட போய் விலை போட்ட பில்ல கேக்க முடியுமா? சரி போகுதுனு ரெண்டாவத பிரிச்சா அதுக்கும் பில் இல்ல, அதோட வாரண்டியும் வாங்குன தேதியில இருந்து ஓட ஆரம்பிச்சிருக்கும், நாங்க அட்டையப் பிரிக்காமலேயே பாதிக்கு மேல முடிஞ்சு போச்சு. அதனால நீ யாருக்கு கரண்ட் சாமான் வாங்கி குடுத்தாலும் கூச்சப்படாம பில்ல ஒரு கவர்ல போட்டு உள்ள வச்சிடு.

இதுக்கெல்லாம் மேல ஒரு மானக்கேடு நடந்துச்சு, உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். பெரியம்மா ஒரு எவர்சில்வர் டம்ளர் செட் குடுத்தாங்க. ஏற்கனவே டம்ளர் நெறைய இருக்கே, பெட்டியக்கூட பிரிக்கல, அப்படியே கலர் பேப்பர் சுத்தி ஒரு கிரகப்பிரவேசத்துக்கு குடுத்துட்டேன். அந்த வீட்டுக்காரங்களும் பெரியம்மாவுக்கு சொந்தம்ங்கிறது மண்டையில ஏறல. பெரியம்மா ஒருநாள் அங்க போயிருக்காங்க, அவங்களுக்கே அந்த டம்ளர்ல தண்ணி குடுத்திருக்காங்க, குடிச்சிட்டு கவுத்து வைக்கிறப்ப அடியில பாத்தா அவங்க பேரும் பெரியப்பா பேரும் என் கல்யாணத் தேதியும்! பாத்திரக்கடையில பேர் வெட்டித்தான் வாங்கியிருக்காங்க. பெரியம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அடுத்த தீபாவளிக்கு முறுக்கு மட்டும் வரல. நீயே சொல்லு, இதுக்கு திட்டியே இருக்கலாம்ல.

அம்மா விஷயம்தான் இன்னும் மனசுல கெடக்கு. சீரா ஒரு பித்தளை அண்டா குடுத்தாங்க, ரெண்டு பேரும் உள்ள எறங்கி உக்காரலாம், அவ்ளோ பெருசு. அத வைக்க இடமில்லாம பால்கனியில வச்சு அழுக்குத் துணி போட்டு வச்சிருந்தோம். அம்மா ஊர்ல இருந்து வந்து காபி டம்ளரோட பால்கனிக்கு போனவங்க அத பாத்துட்டு அப்படியே நின்னாங்க. நான் ஒம்பதாவது படிக்கிறப்ப சீட்டு எடுத்து வாங்குனதாம் அது, என்கிட்ட இதுவரைக்கும் சொன்னதே இல்ல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசுனோம். கடைசியில அண்டா மதுரைக்கே திரும்பி போச்சு, பேரு என் பேருதான் வெட்டிருக்கு, இருக்குற இடம் மட்டும் அங்க. இந்தப் பொங்கலுக்கு அதுல தண்ணி பிடிச்சு வச்சு போட்டோ அனுப்பிருந்தாங்க. குடுக்கிறதுக்கு முன்னாடியே இத பேசிருந்தா அம்மா அப்படி நின்னுருக்க வேண்டியதில்லனு இப்பவும் தோணும்.

சரி, மொய்யா எழுதிடலாமேனு நீ கேப்ப. அதுலயும் ஒண்ணு இருக்கு. மண்டப வாசல்ல டேபிள் போட்டு நோட்டுல எழுதுறாங்களே, அந்தப் பணம் பொண்ணு மாப்பிள்ளை கைக்கு வராது, வரவும் கூடாது. நம்ம பக்கம் அது அப்பா அம்மா இருபது வருஷமா ஊரெல்லாம் செஞ்ச செய்முறை திரும்பி வர்றது, மண்டபத்துக்கும் சமையலுக்கும் போயிடும். நாளைக்கு உன் வீட்டு விசேஷத்துக்கு அந்த நோட்டை பாத்துத்தான் அவங்க திருப்பி செய்வாங்க. அதனால முறைக்கு 501 எழுதிக்கோ, அது குடும்பத்துக்கு. தூங்குமூஞ்சி கையில போகணும்னு நெனைக்கிறத தனி கவர்ல அவகிட்டயே குடு, இல்லைனா குடித்தனம் போன ரெண்டாவது மாசம் ஜிபே பண்ணு. எங்களுக்கு அந்த ரெண்டாவது மாசம்தான் பக்கெட்டு, மாப்பு, கேஸ் டியூப், கேட் சாவிக்கு டூப்ளிகேட்னு காசு தண்ணியா போச்சு, எல்லாரும் குடுத்தது முடிஞ்சு போன நேரம் அது.

அவகிட்ட ரெண்டு விஷயம் நீயே நேர்ல சொல்லிடு, நான் சொன்னா லெக்சர்ம்பா. இவரோட சித்தப்பா வக்கீல்னு சொன்னேன்ல, அவரு எங்க கல்யாணத்துல ஒரு நோட்டை குடுத்து வந்த பரிசு எல்லாத்தையும் எழுத சொன்னாரு, பொருள் என்ன, சுமாரா என்ன விலை, குடுத்தது யாரு, என்ன உறவு, பொண்ணுக்கு வந்தது தனியா மாப்பிள்ளைக்கு வந்தது தனியா, கீழ ரெண்டு பேர் கையெழுத்து. எதுக்கு இந்தாளு இப்படினு எரிச்சலா இருந்துச்சு. அப்புறம்தான் சொன்னாரு, 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கு 1985ல போட்ட விதியே இப்படித்தான் பட்டியல் வைக்க சொல்லுதாம், கேட்டு வாங்காம அன்பா வந்ததுதான் பரிசுங்கிறதுக்கு அதுதான் எழுத்தாம். யாரும் செய்றதில்ல, அது வேற. ஆனா எங்களுக்கு அந்த நோட்டு வேற விதத்துல உதவுச்சு, யாரு என்ன குடுத்தாங்கனு இப்பவும் அத பாத்துத்தான் திருப்பி செய்றோம். டம்ளர் குடுக்கிறப்ப அத எடுத்து பாத்திருந்தா முறுக்கு வந்திருக்கும்.

இன்னொண்ணு, கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்றது. தமிழ்நாட்டுல 2009ல வந்த சட்டப்படி 90 நாளுக்குள்ள பண்ணணும். அவங்க பெங்களூருல ஒரு பெட்ரூம் வீடு பாத்திருக்காங்கல்ல, லீவு முடிஞ்சு போயிட்டா அதுக்குனு திருநெல்வேலி வர்றது நடக்காத காரியம், கிளம்புறதுக்கு முன்னாடியே முடிச்சிட சொல்லு. பத்திரிகையும் கேப்பாங்க, ஒண்ணு ரெண்டு எடுத்து வைக்க சொல்லு, எங்க வீட்டுல 800 அடிச்சு கடைசியில ஒண்ணுகூட மிஞ்சல, பக்கத்து வீட்டுல போய் வாங்கிட்டு வந்தோம்.

இப்ப பரிசுக்கு வரேன். போன வருஷம் உங்க வீட்டுக்கு வந்தப்ப மத்தியானம் நீ ஒரு பாய் விரிச்சியே, பத்தமடை பாய், துணி மாதிரி மடங்குச்சு, அதுல படுத்து தூங்குன தூக்கம் இன்னும் மறக்கல. அதுதான்டி வாங்கணும். கோரைய தண்ணியில ஊறப்போட்டு நூல் மாதிரி கிழிச்சு நெய்றாங்கல்ல, கல்யாணப் பாய்னா பொண்ணு மாப்பிள்ளை பேரும் தேதியும் பாயிலயே நெய்து தருவாங்கனு நீதான சொன்ன. உனக்கு பஸ் ஏறுனா பக்கம். மெல்லிசு பாய் நெய்ய வாரக்கணக்குல ஆகும், அதனால இப்பவே போய் சொல்லிடு. ஒரு பெட்ரூம் வீட்டுக்கு விருந்தாளி வந்தா விரிக்கலாம், போனதும் சுருட்டி கதவு மூலையில நிறுத்திடலாம். பேர் இருக்குறதால அவளும் என்னைய மாதிரி அத எங்கயும் தள்ளி விட முடியாது பாரு! ஆனா முதல்ல அவகிட்ட கேட்டுட்டு ஆர்டர் குடு, சர்ப்ரைஸ் எல்லாம் வேணாம், சர்ப்ரைஸா வந்ததுதான் எங்க லாஃப்ட்ல டிக் டிக்னு கத்துது.

வீடு இப்ப எப்படி இருக்குனு கேட்டல்ல. பரவால்ல. எவர்சில்வர்ல பாதிய பாத்திரக்கடையில எடைக்கு போட்டு ரெண்டு நல்ல அடிகனமான கடாய் எடுத்துட்டேன். ஹாட்பாக்ஸ்ல ஒண்ணு போக மீதி மூணு செட்டும் பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துக்கு குடுக்கலாம்னு போன் பண்ணா, அதெல்லாம் வேணாம்மா, தட்டு இருந்தா குடுங்கனு சொன்னாங்க, தட்டு குடுத்தோம், ஹாட்பாக்ஸ் இன்னும் இங்கதான்.

எங்களுக்குள்ள பெரிய சண்டை எதுக்குனா ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு. இவரு ஆபீஸ் போட்டுட்டு வந்த சட்டைய துவைக்கவும் போடமாட்டாரு, பீரோலயும் வைக்கமாட்டாரு, இன்னொரு தடவை போடலாம்னு அந்த நாற்காலி மேல போடுவாரு, வெள்ளிக்கிழமை பாத்தா ஒரு ஆள் உக்காந்திருக்க மாதிரி இருக்கும். ஆறு மாசம் கத்திப் பாத்தேன். அப்புறம் ஒருநாள் நாற்காலிய தூக்கி மொட்டை மாடில போட்டுட்டு, கதவுக்கு பின்னாடி மாட்டுற கொக்கி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், 120 ரூபா, ஆணிகூட வேணாம். சண்டை நின்னுடுச்சு. அவரு மாறல, சட்டைக்கு ஒரு இடம் கெடைச்சிடுச்சு, அவ்ளோதான். தூங்குமூஞ்சிக்கு பாயோட அந்த கொக்கி ஒண்ணும் சேத்து குடுப்போம்டி, என் செலவு.

பாய்க்கு என் பங்கு எவ்ளோனு சொல்லு, அனுப்பிடுறேன். பேர் தமிழ்ல நெய்யணுமா இங்கிலீஷ்லயானு அவகிட்ட கேளு, மாப்பிள்ளை பேருல ரெண்டு சுழி ன-வா மூணு சுழி ண-வானு கண்டிப்பா கேளு, பத்திரிகை வாட்ஸ்அப்ல வந்தத பாத்தேன், ஒரு இடத்துல ஒண்ணு இன்னொரு இடத்துல இன்னொண்ணு போட்டிருக்காங்க.

வர்றப்ப ஒரு சுவர் கடிகாரம் எடுத்துட்டு வரேன், உன் கிச்சன்ல ஓடாத கடிகாரம் ஒண்ணு தொங்குமே, அதுக்கு பதிலா. யாரு பேரும் வெட்டல, நல்லா திருப்பி பாத்துட்டேன்.

உன் பழைய ரூம்மேட்