வராத புத்தகத்தின் மேல் கோபம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் பேட்ரிக் ராத்ஃபஸின் இரண்டு குறுநூல்களையும் வாசகர் தலையில் கட்டிய சில்லறைச் சரக்கு என்று சென்ற இதழ்க் கட்டுரை ஒரே போடாகப் போட்டுவிட்டது. இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2014-இல் வந்த ‘தி ஸ்லோ ரிகார்ட் ஆஃப் சைலன்ட் திங்ஸ்’ யாரையும் ஏமாற்றவில்லை. இதை நீங்கள் வாங்காமலிருப்பதே நல்லதாக இருக்கலாம் என்றுதான் முன்னுரையே ஆரம்பிக்கிறது. என் நாவல்களைப் படிக்காதவர்கள் இங்கிருந்து தொடங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறார். (பதிப்பாளர் இதற்கு எப்படிச் சம்மதித்தாரோ!)

நாவல்களின் நாயகன் க்வோத் இதில் தலைகாட்டுவதே இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அடியில், பாழடைந்த அறைகளிலும் சுரங்க வழிகளிலும் தனியாக வாழும் ஆரி என்ற பெண் அவன் வரவுக்காகக் காத்திருக்கும் சில நாட்கள்தான் கதை. உரையாடல் இல்லை, சண்டை இல்லை. ஒரு பித்தளைப் பற்சக்கரம் கிடைக்கிறது. அதற்கு உரிய இடம் எது என்று அறை அறையாக அலைகிறாள். சோப்பு காய்ச்சுவதற்கு மட்டும் எட்டுப் பக்கம்! எரிச்சலோடு மூடிவைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் மகனும் அதில் ஒருவன். ஆனால், ஒரு சாமான் இடம் மாறினால் உலகமே சரிந்துவிடும் என்ற பதற்றத்தோடு வாழ்கிறவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மனத்தை நோய் என்று பெயர் சூட்டாமல், பரிதாபமும் படாமல், அதன் உள்ளே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நேட் டெய்லரின் கறுப்பு வெள்ளைப் படங்களும் அந்த இருட்டுக்குப் பொருந்திவிட்டன.

கோபத்தின் வேர் வேறு. க்வோத்தின் கதை மூன்று நாவல்களாக வரவேண்டியது. முதல் நாவல் 2007-இல் வந்தது, இரண்டாவது 2011-இல். மூன்றாவது இன்னும் வந்தபாடில்லை. பந்தியில் இலை போட்டு உட்காரவைத்தவர்களுக்குச் சுக்குக் காப்பி கொடுத்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அந்த ஆத்திரம் நியாயமே. அதை ஆரியின் மேல் ஏன் காட்ட வேண்டும்?

2023-இல் வந்த ‘தி நேரோ ரோட் பிட்வீன் டிசையர்ஸ்’ விஷயத்தில் கட்டுரையாளர் பக்கம்தான் நானும். 2014-இல் ஒரு தொகுப்பில் வெளிவந்த ‘தி லைட்னிங் ட்ரீ’ கதையைத் திருத்தி, விரித்து, படம் சேர்த்து வெளியிட்டதுதான் இது. தொகுப்பை முன்பே வாங்கியவர்கள் முணுமுணுத்ததில் தப்பில்லை. க்வோத்தின் சீடன் பாஸ்ட், ஊர்ப் பிள்ளைகளோடு ரகசியங்களைப் பேரம் பேசும் இடங்கள் சுவாரசியமாகவே இருக்கின்றன. ஆனால் முந்தைய குறுநூலில் இருந்த துணிச்சல் இதில் கிடையாது.

ஆரியின் கதைக்கு மட்டும் தனியாக ஒரு மதிப்புரை வெளியிடுங்கள். மூன்றாம் நாவல் பற்றி அதில் பேச்சே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்