ஜூலியின் வயிறும் அந்த மாத்திரையும்

அன்புள்ள கலா,

உன் கடிதமும் உங்கள் வீட்டு நாய் ஜூலியின் மருந்துச் சீட்டுகளும் கிடைத்தன. பையன் திருச்சியில் வேலையில் சேர்ந்துவிட்டான் என்பதில் சந்தோஷம். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே? இங்கே எல்லோரும் நலம், மழைதான் ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது. மற்ற கதையெல்லாம் அடுத்த கடிதத்தில். இது முழுக்க ஜூலியின் விடாத பேதிக்கு.

சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் மெட்ரோனிடசோல் இருக்கிறது. கொடுக்கும் வரை மலம் கட்டியாகப் போகிறது, நிறுத்திக் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடுகிறது என்கிறாய். அந்த மாத்திரையின் குணமே அப்படித்தான். குடலில் இருக்கிற கிருமிகளை நல்லது கெட்டது பார்க்காமல் குறைத்துவிடும், வீக்கத்தையும் சற்றுத் தணிக்கும். பேதி எதனால் வந்ததோ அதை அது தொடுவதில்லை. மாத்திரை நின்ற பிறகு நல்ல கிருமிகள் பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அடுத்த சுற்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். மெடிக்கலில் மனிதர்களுக்குத் தருகிற நார்ஃப்ளாக்சசின்-டினிடசோல் மாத்திரையும் இதே கதைதான், அதை அறவே விட்டுவிடு. பேதி மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டால் அடக்குகிற மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பயனில்லை, காரணத்தைத்தான் தேட வேண்டும்.

நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போகிறாள். ஜெல்லி மாதிரி சளி, கடைசியில் சிவப்பாக ஒரு சொட்டு ரத்தம். எடை 25 கிலோவிலிருந்து இறங்கவில்லை. இது பெருங்குடல் கோளாறு. சிறுகுடலாக இருந்தால் தடவை குறைவாகவும் அளவு அதிகமாகவும் போகும், நன்றாகத் தின்றாலும் உடம்பு இளைக்கும். பெருங்குடல் என்றால் முதல் சந்தேகம் சாட்டைப்புழு, அடுத்தது ஜியார்டியா என்கிற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணி, அதற்கடுத்தது சாப்பாடு.

"பூச்சி மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்பாய். எந்த மருந்து என்பதில்தான் விஷயம். பைராண்டலும் பிரசிகுவாண்டலும் மட்டும் உள்ள மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழுவைக் கொல்லும், சாட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்கு ஃபெபாண்டெல் சேர்ந்த மாத்திரையோ ஃபென்பெண்டசோலோ வேண்டும். மலப் பரிசோதனையில் முட்டை தெரியவில்லை என்று வந்தாலும் நம்பிவிடாதே. சாட்டைப்புழு தொற்றி ஏறக்குறைய மூன்று மாதம் ஆன பிறகுதான் முட்டையே வெளியே வரும், அதுவும் விட்டு விட்டு. அதனால் முட்டை கிடைக்காவிட்டாலும் மருந்து கொடுத்துப் பார்த்துவிடுவது வழக்கம். ஃபென்பெண்டசோல் கிலோவுக்கு 50 மில்லிகிராம், ஜூலிக்கு ஒரு நாளைக்கு 1250 மில்லிகிராம், மூன்று நாள் சோற்றோடு கலந்து. மூன்றாவது வாரத்தில் ஒரு தடவை, மூன்றாவது மாதத்தில் ஒரு தடவை இதையே திரும்பக் கொடுக்க வேண்டும். திரவ மருந்தாக வாங்கினால் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பதை லேபிளில் பார்த்து டாக்டரிடம் சரிபார்த்துக்கொள். வீட்டில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற அல்பெண்டசோலைக் கொடுத்துவிடாதே, நாய்க்கு எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். இந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கொல்லைப்புறத்தில் அவள் போவதை அன்றன்றே அள்ளிவிடு.

ஜியார்டியாவுக்கு மலத்தை ஒழுங்காகக் கொடுத்தால்தான் பரிசோதனைக்கு அர்த்தம். போய் இரண்டொரு மணி நேரத்துக்குள், மண் ஒட்டாத மேல்பகுதியை மூடி இறுகும் டப்பாவில் எடு. உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வை, ஃபிரீசரில் வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று தடவை எடுத்தது வேண்டும். வெறுமனே கண்ணாடியில் தடவிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று எழுதித் தருவது போதாது. துத்தநாக சல்பேட் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்க்கச் சொல், மலத்தில் ஜியார்டியாவின் புரதத்தைக் கண்டுபிடிக்கும் ஆன்டிஜன் கிட்டும் கேள். இருந்தால் அதே ஃபென்பெண்டசோலை ஐந்து நாள் கொடுக்க வேண்டும், கடைசி நாளில் பின்பக்க ரோமத்தை ஷாம்பு போட்டு நன்றாகக் குளிப்பாட்ட வேண்டும். ரோமத்தில் ஒட்டியிருப்பதை நக்கியே திரும்பத் தொற்றிக்கொள்வார்கள்.

இது முடிந்தும் நிற்கவில்லை என்றால் சாப்பாட்டுச் சோதனை. நீண்ட நாள் பேதியில் பாதிக்கு மேல் இதிலேயே நின்றுவிடுகிறது. வீடுகளில் அதிகம் சொதப்புவதும் இதைத்தான். ஜூலி இதுவரை தின்றதையெல்லாம் எழுது: கோழி, ஆட்டுக்கறி, பால், தயிர் சோறு, பொறை, மாரி பிஸ்கட். இதில் இல்லாத ஒரு புரதம் வேண்டும். கடையில் விற்கும் ஹைட்ரோலைஸ்டு உணவு, அதாவது புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்தது, சுலபம், ஆனால் விலை அதிகம். அது வேண்டாம் என்றால் முயல் கறி பார். கொடைக்கானல் மேலே மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே முயல் வளர்க்கிறது. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு உனக்கு இது பெரிய பாடில்லை. வாத்து வேண்டாம், கோழிக்கு ஆகாத நாய்க்கு அதுவும் ஆகாமல் போகலாம்.

அளவு: வேகவைத்து எலும்பு நீக்கிய கறி 250 கிராம், குழைய வடித்த சோறு 500 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து. ஏறக்குறைய 1100 கலோரி வரும், கருத்தடை செய்த 25 கிலோ லாப்ரடாருக்கு அது சரி. அரிசி ஒத்துக்கொள்ளாத நாய் அபூர்வம். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வெந்த முயல் எலும்பு ஊசி மாதிரி பிளக்கும், விரலால் தடவிப் பார்த்துத்தான் போட வேண்டும். பழைய சாப்பாட்டிலிருந்து நான்கைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று. இதில் கால்சியம் கிடையாது. இரண்டு வாரத்துக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் தொடர்ந்தால் கால்சியமும் மற்ற சத்தும் சேர்க்க டாக்டரிடம் அளவு கேட்டாக வேண்டும்.

அந்த இரண்டு வாரத்தில் வேறு எதுவும் அவள் வாய்க்குள் போகக் கூடாது. இறைச்சி வாசனை போட்ட உண்ணி மாத்திரை, மெல்லுகிற எலும்பு, மாத்திரையைப் பொதிந்து கொடுக்கும் வெண்ணெய் எல்லாமே கணக்கில் வரும். அத்தை சாயங்காலம் கொடுக்கிற பொறையும்தான். அவர்களிடம் நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வெந்த முயல் துண்டு நாலை ஒரு கிண்ணத்தில் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடு, கொடுத்த திருப்தியும் இருக்கும், சோதனையும் கெடாது.

இரண்டு வாரத்தில் நன்றாகக் குறைந்தால் கோழியை மட்டும் திருப்பிக் கொடுத்துப் பார். சில மணி நேரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் பேதி திரும்பினால் கோழிதான். குறையவே இல்லையென்றால் இசப்கோல். ஒரு டீஸ்பூனைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வேளைக்குச் சோற்றில் கலந்து ஆரம்பி, ஒரு வாரத்தில் மெல்ல ஏற்றி இரண்டு வேளைக்கு ஒவ்வொரு மேசைக்கரண்டி வரை போகலாம். பெருங்குடல் பேதிக்கு இந்த நார் பல நாய்களுக்குக் கேட்கும். சர்க்கரை இல்லாத, சுவை சேர்த்த பாக்கெட் வாங்காதே, அதில் சைலிட்டால் என்கிற இனிப்பு இருந்தால் நாய்க்கு விஷம். சாப்பாட்டு மாற்றத்தையும் இசப்கோலையும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தால் எது கேட்டது என்று தெரியாமல் போய்விடும்.

இதற்கிடையில் ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துவிடுங்கள். ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம், வைட்டமின் பி12, காலை நேர கார்டிசால் ஹார்மோன் மூன்றும் வேண்டும். கார்டிசால் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அடிசன் நோய், அதாவது அட்ரினல் சுரப்பி சரியாகச் சுரக்காத நோய், இல்லை என்று விட்டுவிடலாம். பி12 குறைவாக இருந்தால் வேறு எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. அவள் எடைக்கு வாரம் 800 மைக்ரோகிராம் ஊசி, ஆறு வாரம். யாராவது பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டை எடுத்தவுடனே எழுதினால் மட்டும் பொறுக்கச் சொல். எண்டோஸ்கோபியில் திசு எடுப்பதற்கு முன்னால் அது உள்ளே போனால், குடல் புற்றுநோயாக இருந்தால்கூட மறைந்துவிடும். அந்தக் கட்டம் வந்தால் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிடு.

தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, வாந்தி நிற்காமல் இருந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, வயிறு உப்பினாலோ இந்த வரிசையெல்லாம் பார்க்காதே, அன்றே தூக்கிக்கொண்டு ஓடு.

பக்கத்து வீட்டு அல்சேஷன் பற்றிக் கேட்டிருந்தாய். எவ்வளவு போட்டாலும் பசி அடங்காமல், எலும்பும் தோலுமாக, வெளிறிய குழம்பு மாதிரி கூடை கூடையாகப் போய், போனதையே தின்கிறது என்றால் அது ஜூலியின் நோய் இல்லை. அந்த ஜாதியில் கணையச் சுரப்பு நின்றுபோவது அதிகம். இரவு பட்டினி போட்டு, கணையச் சுரப்பைக் காட்டும் டி.எல்.ஐ. பரிசோதனையை ரத்தத்தில் பார்க்கச் சொல். உறுதியானால் என்சைம் பொடி, பத்து கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் கணக்கில் ஒவ்வொரு வேளையும் சோற்றில் பிசறி, வாழ்நாள் முழுக்க. பொடி போட ஆரம்பித்ததும் ஆளே மாறிவிடும்.

இப்போதைக்கு நீ கடைசியாகக் கொடுத்த பூச்சி மாத்திரையின் அட்டையைத் தேடி, பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. மெட்ரோனிடசோலைப் பாதியில் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். மலத்தை எடுக்கும் நாளில் அது உள்ளே இல்லாமல் இருந்தால் நல்லது, ஜியார்டியாவை மறைத்துவிடும்.

அன்புடன்,
விஜி